பந்திக் கூடத்தில் அண்ணன் படம்

கலை என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாகக் குப்பை கொட்டியவள் நான். அதில் பாதி வகுப்புகளைக் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொண்டாள். மீதிப் பாதியில் மாம்பழம் வரையச் சொல்லிக்கொடுத்தேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி நாலு பக்கமும் மாந்தோப்பு. அப்படியும் என் மாணவிகள் வரைந்ததைப் பார்த்தால் கத்தரிக்காய் என்றுதான் சொல்லத் தோன்றும். இப்போது ஓய்வுபெற்று காரிமங்கலத்தில் வீட்டோடு இருக்கிறேன். வாரச் சந்தைக்குப் போவேன், சீரியல் பார்த்துத் திட்டுவேன், வேறு வேலையில்லை.

போன மாதம் ஒரு அழைப்பிதழ் வந்தது. தர்மபுரியில் ஒரு கிரானைட் முதலாளி நடத்தும் கலை அருங்காட்சியகத்தில் புதிய கூடம் திறக்கிறார்களாம். மாவட்டத்தில் உள்ள ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்கள் எல்லோரையும் கௌரவிக்கிறார்களாம். கௌரவம் என்றால் என்ன தருவார்கள் என்று எனக்குத் தெரியும். முதுகைக்கூட மறைக்காத ஒரு சால்வை, ஒரு பிளாஸ்டிக் கேடயம். இருந்தாலும் போனேன். வீட்டில் உட்கார்ந்து கணவரின் இருமலைக் கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பதில் பஸ் ஏறலாம் என்று தோன்றியது.

அந்த அருங்காட்சியகம் பத்து வருடத்துக்கு முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. என் மாணவிகளில் பாதிப் பேர் கல்யாணத்துக்கு அங்கேதான் போயிருக்கிறேன். பைபாஸ் ஓரத்தில் ஏசி மண்டபங்கள் வந்ததும் இதைச் சீந்துவார் இல்லை. அந்தச் சமயத்தில் முதலாளியின் மகள் வெளிநாட்டில் கலை படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். என்ன செய்வார் பாவம் மனிதர், சும்மா கிடந்த மண்டபத்துக்கு வெள்ளையடித்து மகள் கையில் கொடுத்துவிட்டார். மணமேடை இருந்த இடத்தில் சிற்பம் வந்தது. மணமகள் அறை அலுவலகமாயிற்று. இப்போது திறப்பு விழா கண்ட புதிய கூடம் வேறொன்றுமில்லை, பழைய பந்திக் கூடம்தான். ஓரமாக வரிசையாக இருந்த கை கழுவும் தொட்டிகளைக்கூட எடுக்கவில்லை. குழாய்களை மட்டும் கழற்றிவிட்டிருந்தார்கள். என்னோடு வந்திருந்த ஒரு பழைய ஓவிய ஆசிரியர் அந்தத் தொட்டிகளின் முன்னால் கைகட்டி நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆழமா இருக்குதுங்க" என்றார்.

மேடைப் பேச்சு ஒன்றரை மணி நேரம் நடந்தது. பேசிய நாலு பேரில் ஒருவருக்காவது பென்சில் பிடிக்கத் தெரியுமா என்பது சந்தேகம். சால்வை நான் நினைத்ததைவிடச் சின்னது. அப்புறம் முதலாளி மகள் எங்களைக் கூடத்துக்குள் விட்டாள். கறுப்புச் சேலை, கழுத்தில் மரக்கட்டை மணி. நல்ல பெண்தான், ஆனால் வாயைத் திறந்தால் 'வெளி', 'மௌனம்', 'உரையாடல்' இந்த மூன்று வார்த்தையைத் தவிர வேறு வரவில்லை.

முதல் காட்சிப்பொருள் தரையில் கொட்டிய புளியங்கொட்டைக் குவியல். சுற்றிலும் வெள்ளைக் கோடு, தொடாதீர்கள் என்று ஒரு அட்டை. எங்கள் பிறந்த ஊர் பாப்பாரப்பட்டிப் பக்கம். அப்பா காலத்திலிருந்து புளி வியாபாரம். புளியங்கொட்டை எங்கள் வீட்டில் காலில் குத்தும், சாக்கில் வழியும், எலி தின்னும். அதைக் கலை என்று எவனாவது சொல்லியிருந்தால் அம்மா விளக்குமாற்றால் அடித்திருப்பாள். அடுத்தது மேலிருந்து கயிற்றில் தொங்கிய ஒரு கயிற்றுக்கட்டில், அதன் மேல் நீல வெளிச்சம். கட்டிலில் கயிறு தளர்ந்து தொய்ந்திருந்தது. இழுத்துக் கட்டக்கூடத் துப்பில்லை. அதற்கடுத்து ஒரு இருட்டு அறை. அதில் சினிமா மாதிரி ஒன்று ஓடியது. வறண்ட ஏரிக்குள் ஒருத்தன் நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். எங்கே போகிறான் என்று யாருக்கும் அக்கறையில்லை. ஏசி இருந்ததால் நான்கைந்து பேர் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசிச் சுவரில் ஆறு புகைப்படங்கள். மாவட்டத்து முகங்களாம், முதலாளி மகளே எடுத்தவையாம். ஒவ்வொன்றும் ஆள் உயரத்தில் பாதி, கறுப்பு வெள்ளை, கறுப்புச் சட்டம், தலைக்கு மேலே ஒரு சின்ன பல்பு. வெளிச்சம் இடப்பக்கம் அதிகம், மூக்குக்குக் கீழே நிழல் மை தடவினது போல விழுந்திருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை இப்படி நிழல் போட்டிருந்தால் நான் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்லியிருப்பேன். ஐந்து பேர் எங்கேயோ பக்கவாட்டில், பட்டம் பறப்பதைப் பார்ப்பவர்கள் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள் மட்டும் ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி நேராக முறைத்துக்கொண்டிருந்தான்.

அது என் அண்ணன்.

படத்தின் கண்ணாடி மேல், அவன் நெற்றிக்கு நேராகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். சட்டத்தின் மூலையில் ஒரு கிள்ளு சாமந்திப்பூ செருகியிருந்தது. எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான். சட்டம் போட்ட பெரிய படம், மேலே பல்பு, நெற்றியில் பொட்டு என்றால் ஆள் போய்விட்டார் என்று பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். படத்துக்குக் கீழே பேர்கூடப் போடவில்லை. 'புளி, பாப்பாரப்பட்டி' என்று எழுதியிருந்தது. மனிதனையே புளியாக்கிவிட்டார்கள்.

பக்கத்தில் கூட்டுகிற பெண் ஒருத்தி நின்றிருந்தாள். பொட்டு யார் வைத்தது என்று கேட்டேன்.

"நாந்தாங்கம்மா. காலைல பூசைக்குக் கொழச்ச சந்தனம் மீந்துச்சு. இவ்ளோ பெரிய படத்த வெறும் நெத்தியா மாட்டி வெச்சிருக்கறாங்களே, மனசு கேக்கலைங்க."

ஆறு படத்தில் நாலுக்குத்தான் பொட்டு இருந்தது. ஒரு சின்னப் பெண்ணுக்கும் ஒரு டிராக்டர் டிரைவருக்கும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"அவங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்கறவங்கங்க. நேத்து வந்து அவங்க படத்தப் பாத்துட்டுப் போனாங்க."

"அப்ப மத்தவங்க?"

"அவங்கெல்லாம் வரலைங்களே" என்றாள், இதைப் போய்க் கேட்கிறாளே என்கிற முகத்தோடு.

முதலாளி மகளிடம் கேட்கலாம் என்று போனேன். அவள் யாரோ ஒரு டிவிக்காரனிடம் மௌனத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, ஒரே நிமிஷம்" என்றாள். நான் தூணோரமாக நின்றேன். கால் மணி நேரம் ஆயிற்று. அவளுடைய ஒரே நிமிஷம் முடியவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கூடப் பிறந்தவன் செத்த சேதியைக் கைகட்டி நின்று விசாரிக்கும் அளவுக்கு நான் போய்விட்டேனா என்று சால்வையை அங்கேயே ஒரு நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அண்ணனோடு நான் பேசிப் பதினோரு வருடமாகிறது. என் மகள் ஒரு கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவர்களும் எங்களைப் போலப் பாடுபட்டுப் பிழைக்கும் குடும்பம்தான். பையன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். கல்யாணம் சர்ச்சில் என்று முடிவாயிற்று. தாய்மாமன் மாலை கொண்டுவர வேண்டும், அது எங்கள் வழக்கம், சர்ச்சானால் என்ன கோயிலானால் என்ன. நானே நேரில் போய் அழைத்தேன். அண்ணன் புளி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, "மாலை போட ஆளு வேணும்னா கூலிக்குப் புடிச்சுக்க" என்றான். நான் வாசலில் இறங்கி நின்று, தெருவே வேடிக்கை பார்க்க, "நீ செத்தாக்கூட இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னால் சொன்னதுதான். அந்தத் தெரு வழியாகப் போகும் பஸ்ஸில்கூட நான் ஏறியதில்லை. கல்யாணத்தில் மாலையை என் கணவருடைய தம்பி எடுத்துவந்தார். மகள் அதைக் கழுத்தில் வாங்கும்போது வாசலைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

இப்போது செத்துவிட்டான். என் பேச்சு ஜெயித்துவிட்டது. பஸ் நிலையத்தில் ஒரு பக்கம் காரிமங்கலம் பஸ் நின்றது, மறுபக்கம் பாப்பாரப்பட்டி பஸ். நான் நடுவில் பைத்தியக்காரி மாதிரி நின்றேன். காரிமங்கலம் பஸ்ஸில் ஏறினால் நான் சொன்ன சொல் காப்பாற்றப்படும், ஆனால் அவன் முகத்தை இனி அந்தக் கை கழுவும் தொட்டிகளுக்கு நடுவில்தான் பார்க்க வேண்டும். கணவருக்கு போன் செய்தேன்.

"செத்துட்டான்னா நமக்குச் சொல்லியிருக்க மாட்டாங்களா?" என்றார்.

"யாரு சொல்லுவா? நீங்க யாரு வூட்டுக்குப் போறீங்க, வரீங்க?"

"எனக்குத் தெரியல. போறதுன்னா போ. அழுவறதா இருந்தா மாத்திரைய மறக்காமப் போட்டுட்டு அழு" என்று வைத்துவிட்டார். நாற்பது வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் இதைவிட நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை.

பூக்கடைக்குப் போனேன். ஒரு மாலை வேண்டும் என்றேன். கடைக்காரன் நாரை உருவிக்கொண்டே தலையைத் தூக்காமல், "கல்யாணத்துக்குங்களா, துக்கத்துக்குங்களா?" என்றான்.

அவன் இரண்டாவது முறை கேட்ட பிறகுதான், "துக்கத்துக்கு" என்றேன். அதைச் சொன்னதும் அழுகை வந்துவிட்டது. கடைக்காரன் சம்பங்கி மாலையைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான். ஒரு நாளைக்கு எத்தனை அழுகையைப் பார்ப்பான் அவன்.

பஸ்ஸில் மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் நைசாக நகர்ந்து ஓரமாக ஒட்டிக்கொண்டாள், துக்கம் தொற்றிக்கொள்ளும் என்பது போல. எனக்கு அண்ணனை நினைத்து வந்த அழுகையைவிட அண்ணி மீது வந்த ஆத்திரம் பெரிதாக இருந்தது. எனக்கு ஒரு சொல் அனுப்பக்கூட அவளுக்கு மனசு வரவில்லையே. தகவல் சொல்லாமலே கருமாதி வரை முடித்திருப்பாள், கமுக்கக்காரி. முதலாளி மகள் படம் எடுக்க வந்தபோதும் இவள்தான் அவனைப் பிடித்து உட்கார வைத்திருப்பாள். அவனுக்கோ போட்டோ என்றாலே ஆகாது. சொந்தக் கல்யாணத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டவன். எங்கள் வீட்டில் அவன் முகம் தெரியும் படம் ஒன்றுகூடக் கிடையாது. இதையெல்லாம் அண்ணியிடம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்க வேண்டும் என்று வழி நெடுக வரிசைப்படுத்திக்கொண்டு போனேன்.

அந்த வாசலில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை. எல்லாம் முடிந்து நாளாகியிருக்கும் என்று நினைத்தேன். அண்ணி வாசலில் உட்கார்ந்து புளியில் கோது எடுத்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. அதைக்கூட என் கண் பார்த்தது, மூளைதான் பார்க்கவில்லை. வாசப்படியை மிதித்தேன். மிதித்ததும் உட்கார்ந்துவிட்டேன். அண்ணியிடம் கேட்க வைத்திருந்ததில் ஒன்றுகூட வரவில்லை.

"என் கூடப் பொறந்தவனே, என்ன வுட்டுட்டுப் போயிட்டியே" என்று வாய்விட்டு அழ ஆரம்பித்தேன்.

பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. அண்ணி கோது கையோடு எழுந்து என்னையே பார்த்தாள். பதினோரு வருடம் கழித்து வந்து ஒருத்தி இப்படி அழுதால் யார்தான் என்ன செய்வார்கள்.

உள்ளேயிருந்து, "யாரது?" என்று ஒரு குரல் கேட்டது. வலது கையில் களி ஒட்டியபடி அண்ணன் வெளியே வந்தான். பனியன், தோளில் துண்டு. முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான்.

எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு மட்டும் அல்ல, வாசலுக்கு வந்திருந்த தெருக்காரர்கள் யார் முகத்திலும் ஈயாடவில்லை. நான் முப்பது வருடம் எத்தனையோ முட்டாள்களைப் பார்த்திருக்கிறேன், வகுப்பில் பெஞ்சு மேல் நிற்க வைத்திருக்கிறேன். அவர்களில் ஒருத்தி வந்து பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவங்கெல்லாம் வரலைங்களே. கூட்டுகிற அந்தப் பெண் சொன்னது அவ்வளவுதான். விளக்குமாறு பிடிக்கிறவள் மீந்த சந்தனத்தைத் தடவியதை நம்பி நான் ஒரு சாவையே முடிவு செய்து, மாலை வாங்கி, பஸ் ஏறி வந்திருக்கிறேன்.

திக்கித் திணறி நடந்ததைச் சொன்னேன். அண்ணிக்குப் புரிந்ததும் என் கையிலிருந்த மாலையை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"உசுரோட இருக்கற மனுசனுக்கு மாலை கொண்டாந்திருக்கறயே, உனக்கு நல்லாயிருக்குதா?" என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குப் போய் எருமைக்குப் போட்டாள். எருமை நிதானமாகத் தின்றது.

"சம்பங்கியா?" என்றான் அண்ணன். "ரோசாவா வாங்கியிருக்கலாம். காசு செலவு பண்ண உனக்குக் கை வராதே."

"ஆமா, நீ பெரிய கைகாரன்" என்றேன். "கல்யாணத்துக்கு ஒரு மாலை கொண்டாரத் தெரியாதவன்."

அவன் அங்கே இருந்த சொம்புத் தண்ணீரில் மெதுவாகக் கை கழுவினான். அப்புறம் என் எதிரில் புளி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தான். தெருக்காரர்கள் இன்னும் போகவில்லை. அண்ணி போய் அவர்களை விரட்டினாள்.

"பாப்பா எப்படி இருக்கறா?" என்றான். என் மகளைத்தான்.

"இருக்கறா. ரெண்டு புள்ளைங்க."

"தெரியும்" என்றான். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அதனால் வேறு எதையாவது பிடித்துச் சண்டை போடலாம் என்று படத்துக்கு வந்தேன். சொந்தக் கல்யாணத்திலேயே மூஞ்சியைத் திருப்பிக்கொண்டவன், எவளோ ஒரு பணக்காரப் பெண் வந்து கேட்டதும் சட்டை பட்டனைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தானாமே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன்.

"நானும் முடியாதுன்னுதான் சொன்னேன். ரெண்டு தடவ தொரத்தி வுட்டேன். மூணாந்தடவ வந்தப்ப, இதையெல்லாம் எவன் வந்து பாக்கப் போறான்னு கேட்டேன். தெறப்பு விழாவுக்கு மாவட்டத்துல இருக்கற ட்ராயிங் டீச்சருங்க எல்லாத்தையும் கூப்புடுவோம்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். "அதான் ஒக்காந்தேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் புளிக்கோதைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நீயும் விழாவுக்கு வந்திருக்கலாமில்ல" என்றேன். "உனக்கும் கார்டு வந்திருக்குமே."

"வந்துச்சு. நான் நின்னா நீ திரும்பிப் போயிருப்ப. படமுன்னா நீ நின்னு பாப்பன்னு நெனச்சேன்."

அண்ணி உள்ளே எனக்குக் களி போட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கேட்காமலே போட்டாள்.

"எல்லாரையும் ஜன்னல் பக்கமா பாக்கச் சொல்லுச்சு அந்தப் பொண்ணு" என்றான் அண்ணன். "நான் மட்டும் முடியாதுன்னுட்டேன். நீ வந்து நிக்கறப்ப நான் எங்கியோ பாத்துகிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

பள்ளிக்கூடத்தில் முகம் வரையச் சொல்லிக்கொடுக்கும்போது கண்ணில் ஆரம்பியுங்கள் என்று முப்பது வருடம் கத்தியிருக்கிறேன். அந்தப் பந்திக் கூடத்தில் அவன் முன்னால் நான் அத்தனை நேரம் நின்றேன். வெளிச்சத்தைக் குறை சொன்னேன், நிழலைக் குறை சொன்னேன், பொட்டைப் பார்த்தேன். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியவில்லை.